3389-ஆம் நம்பர் கதவு

எனக்குக் கோபம் முன்னால் வரும், புத்தி பின்னால் வரும். இரண்டும் சேர்ந்து வந்த நாட்கள் குறைவு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அந்த ஒரு மாதத்தில் நான் திட்டாத ஆள் பாக்கி இல்லை. கடைசியில் பார்த்தால் தப்பில் பாதி என்னுடையது.

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ. பெரம்பலூரில் எனக்கு ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை இருந்தது. மாடியில் ஒரே அறை, ஏறி வருகிறவர்கள் எல்லோரும் படிக்கட்டைத் திட்டிக்கொண்டேதான் வருவார்கள். வைரஸ் எடுப்பது, விண்டோஸ் போட்டுக் கொடுப்பது, மவுஸுக்குள் உருளும் உருண்டையில் படிந்த அழுக்கைச் சுரண்டுவது, இவைதான் அன்றாட வேலை. பிராட்பேண்ட் எங்கள் பக்கம் வந்த புதிது. அது வந்தபிறகு எனக்கு ஊரில் கொஞ்சம் மரியாதை கூடியிருந்தது, எனக்கே என்மேல் மரியாதை இன்னும் அதிகமாகக் கூடியிருந்தது.

ஒரு நாள் காலையில் லெப்பைக்குடிக்காட்டிலிருந்து ஒரு பாய் படியேறி வந்தார். முப்பது வயது இருக்கும். துபாயில் ஒரு டைல்ஸ் கம்பெனி ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை, இப்போது இரண்டு மாத லீவில் வந்திருக்கிறார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணே, துபாய்ல இருக்குற கம்ப்யூட்டர இங்க வூட்ல இருந்தே ஓட்ட முடியுமாண்ணே?"

"முடியும் பாய்."

"நெசமாவா?"

"முடியும்னுட்டேன்ல."

சொல்லிவிட்டேனே தவிர, அதுவரை நான் அதைச் செய்து பார்த்தது என் கடைக்குள் இந்த மேஜையிலிருந்து அந்த மேஜைக்கு. நடுவில் நாலடி தூரம். இப்போது நடுவில் அரபிக்கடல்.

பிறகுதான் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். மனைவிக்கு எட்டாம் மாதம். லீவு முடிய இன்னும் பத்து நாள், பிரசவத்துக்கு ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது. மூத்தது பெண். அது பிறந்தபோது இவர் துபாயில் இருந்தார். முதன்முதலாகப் பார்க்கும்போது அதற்கு இரண்டு வயது, இவரைக் கண்டதும் மாமியாரின் பின்னால் போய் ஒளிந்துகொண்டதாம். லீவை நீட்டித் தரும்படி அர்பாபிடம் கேட்டிருக்கிறார். அங்கே முதலாளிக்கு அதுதான் பெயர். அவர் நல்ல மனிதர்தான் போலிருக்கிறது. "அங்கே இருந்தபடியே உன் வேலையைச் செய்ய முடியுமென்றால் பிள்ளை பிறக்கும்வரை இரு. ஆனால் மறுநாள் வண்டிகளின் லிஸ்ட் ஒரு நாள் தவறினாலும் விமானம் ஏறிவிட வேண்டும்" என்று சொல்லியிருக்கிறார்.

எந்த லாரியில் எந்த டைல்ஸ், எந்தக் கட்டடத்துக்கு, எந்த வரிசையில் ஏற்றுவது என்பதுதான் லிஸ்ட். அது அந்த ஆபீஸ் கம்ப்யூட்டரில் மட்டுமே இருக்கும் ஒரு புரோகிராமில்தான் தயாராகும்.

"இந்தத் தடவையாவது நான் இருக்கணும்ணே" என்றார்.

அன்று மதியமே பைக்கை எடுத்துக்கொண்டு குன்னம் தாண்டி அவர் வீட்டுக்குப் போனேன். அது மாமியார் வீடு. மனைவி பிரசவத்துக்கு அங்கே வந்திருந்ததால் இவரும் அங்கேயே இருந்தார். வாசலை ஒட்டிய முன் அறையில் டெலிபோன், மோடம், கம்ப்யூட்டர். உள்ளே போகும் கதவில் ஒரு பச்சைத் திரை. வீட்டுப் பெண்கள் அந்நிய ஆணின் முன்னால் வரமாட்டார்கள் என்பதால் திரைக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். டீ மட்டும் திரைக்குக் கீழே தட்டில் வந்துவிடும்.

வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு முன்னால் ரௌட்டர் என்று ஒரு பெட்டி இருக்கும். அதில் நம்பர் போட்ட கதவுகள் ஆயிரக்கணக்கில் உண்டு, போர்ட் என்பார்கள். உள்ளே இருப்பவர் வெளியே போகத் திறக்கும், வெளியே இருப்பவர் தட்டினால் திறக்காது. ரிமோட் டெஸ்க்டாப்புக்கு உரிய கதவு 3389. "இந்தக் கதவை யாராவது தட்டினால் உள்ளே இந்த மேஜைக்கு அனுப்பு" என்று ரௌட்டரில் எழுதிவைக்க வேண்டும். கம்ப்யூட்டருக்குள்ளும் ஃபயர்வால் என்று இன்னொரு காவல்காரன், அவனிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஆனால் இந்த இரண்டும் இருப்பது துபாயில்.

அங்கே எனக்குக் கிடைத்த கை, பாய்க்கு மச்சான் முறையாகும் ஒரு ஸ்டோர் கீப்பர். அதே ஊர்க்காரர். டைல்ஸைத் தட்டிப் பார்த்தே விரிசல் சொல்லிவிடுவாராம். கம்ப்யூட்டரில் சீட்டு விளையாட மட்டும் தெரியும். போனில் நான் இங்கிருந்து சொல்ல, அவர் அங்கே ஒவ்வொரு எழுத்தாகப் படிக்க, நடுவில் லைன் அறுந்துபோக, திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்க, இரண்டு நாள் போனது.

"இப்ப என்ன தெரியுது?"

"நீலமா ஒரு கட்டம் தெரியுதுண்ணே."

"அதுல என்ன எழுதியிருக்கு?"

"இங்கிலீசுல எழுதியிருக்கு."

"இங்கிலீசுலதான்யா எழுதியிருக்கும்!"

கதவு திறந்துவிட்டது, ஆனாலும் உள்ளே விட மறுத்தது. அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் புரிந்தது. அந்தக் கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டே கிடையாது. பாஸ்வேர்டு இல்லாத கணக்கில் வெளியாளை விண்டோஸ் ஏற்காது. "நம்மாளுங்கதானேண்ணே இருக்கோம், எதுக்குப் பூட்டுன்னு விட்டுட்டோம்" என்றார் ஸ்டோர் கீப்பர். அவரை நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது.

பாஸ்வேர்டு போட்டதும் லெப்பைக்குடிக்காட்டில் துபாய் தெரிந்தது. அந்த ஆபீஸ் கம்ப்யூட்டரின் திரை அப்படியே, ஓரத்தில் கோணல்மாணலாக இருக்கும் படங்களோடு, எங்கள் முன்னால். பாய் மவுஸை நகர்த்தி லிஸ்ட்டைத் திறந்தார். அதே நேரம் போனில் ஸ்டோர் கீப்பரின் அலறல்.

"மச்சான், இங்க கம்ப்யூட்டர் தானா பூட்டிக்கிச்சு!"

"நான்தான் மச்சான் உள்ள இருக்கேன்."

பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். எனக்கும் ஒரே பெருமை.

அந்தப் பெருமையில்தான் வினை. கண்டவனுக்கும் கதவைத் திறந்துவைக்க நான் என்ன சத்திரமா கட்டியிருக்கிறேன்? லெப்பைக்குடிக்காட்டு வீட்டு முகவரியிலிருந்து தட்டினால் மட்டுமே திற என்று ரௌட்டரில் இன்னொரு வரி சேர்க்கச் சொன்னேன். இதில் ஒரு சிக்கல் உண்டு. மோடத்தை அணைத்துப் போட்டால் இணையத்தில் வீட்டின் முகவரி எண் மாறிவிடும். அதற்கும் வழி வைத்திருந்தேன். இரவில் அணைப்பார்கள், சரி. காலையில் போட்டதும் புது எண்ணைப் பார்த்துப் போனில் ஸ்டோர் கீப்பருக்குச் சொல்ல வேண்டும், அவர் ரௌட்டரில் மாற்றி எழுதுவார். பகலில் கரண்ட் போனாலும் மோடம் அணையாதபடி யு.பி.எஸ். வாங்கி மாட்டினேன். பாதுகாப்பும் ஆச்சு, வேலையும் ஆச்சு என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டு ஊர் திரும்பினேன்.

லீவு முடிந்து முதல் நாள். நம் நேரப்படி காலை ஒன்பதரைக்கு அங்கே ஆபீஸ் திறக்கும். மதியம் இரண்டரை வரை. பிறகு இடைவேளை, மாலை ஐந்தரையிலிருந்து ஒன்பதரை வரை மறுபடி. காலையில் எல்லாம் சரியாக ஓடியது. மாலை ஏழு மணிக்கு எனக்குப் போன் வந்தது.

"அண்ணே, உள்ள போக மாட்டேங்குது."

"நெட் இருக்கா?"

"நெட்டு நல்லா ஓடுது. துபாய் மட்டுந்தான் வர மாட்டேங்குது."

"மோடத்த அணைச்சீங்களா?"

"தொடவே இல்லண்ணே. தொழுவப் போயிட்டு இப்பதான் வந்தேன். லைட்டெல்லாம் அப்படியே எரியுது."

ஸ்டோர் கீப்பர் மாலையில் லாரியோடு போய்விடுவார், ஆபீஸில் ரௌட்டரைத் தொட ஆள் இல்லை. மீதி லிஸ்ட்டைப் பாய் நினைவிலிருந்தே போனில் ஒவ்வொன்றாகச் சொல்ல, அங்கே ஒரு டிரைவர் கையால் எழுதிக்கொண்டார். மறுநாள் காலை புது எண் சொல்லி மாற்றியதும் எல்லாம் சரி. மாலை ஏழுக்கு மறுபடி செத்தது. மூன்றாம் நாளும் அப்படியே. அர்பாப் போன் செய்து, "இன்னொரு மாலை இப்படி ஆனால் டிக்கெட் போட்டுவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டார்.

வீட்டிலும் பாய்க்கு நிம்மதி இல்லை. லீவு முடிந்தும் ஊரில் தெரியும் ஆளை லெப்பைக்குடிக்காட்டில் யாரும் சும்மா விடமாட்டார்கள். டீக்கடையில், பள்ளிவாசல் வாசலில், பார்க்கிறவர்கள் எல்லோரும், "என்ன மாப்ள, எப்பப் பயணம்?" என்பார்களாம். வேலை போய்விட்டதோ என்ற சந்தேகம் அந்தக் கேள்விக்குள் இருக்கும். வீட்டில் இருந்தே துபாய் ஆபீஸ் வேலை செய்கிறேன் என்றால் சிரிப்பார்களாம்.

நான் வரிசையாகத் திட்ட ஆரம்பித்தேன். டெலிபோன் ஆபீஸைத் திட்டினேன், லைனில் ஈரம் என்றேன். யு.பி.எஸ். விற்றவனைத் திட்டினேன். ரௌட்டரில் கை வைத்துவிட்டு மறைக்கிறார் என்று ஸ்டோர் கீப்பரைத் திட்டினேன். அவர் பாவம், "நான் இப்ப சீட்டுகூட ஆடறதில்லண்ணே" என்றார். சரி, கண்ணால் பார்த்துவிடலாம் என்று நாலாம் நாள் மாலை நானே போய் அந்த அறையில் உட்கார்ந்தேன்.

அன்று ஒன்றுமே ஆகவில்லை. மாலை மகரிபு தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் பாய் பள்ளிவாசலுக்குப் போனார். நான் மோடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் திரும்பி வந்து மவுஸைத் தொட்டார், துபாய் அப்படியே இருந்தது. ஒன்பதரை வரை கல்லு மாதிரி நின்றது. "நீங்க உக்காந்தாலே பயந்துக்குதுண்ணே" என்றார் பாய். டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் விட்டுவிடும் பிள்ளை மாதிரி. எனக்குச் சந்தோஷப்படுவதா எரிச்சல்படுவதா என்று தெரியவில்லை. மறுநாள் கடையில் வேலை இருந்தது, போகவில்லை. ஏழு மணிக்குப் போன் வந்துவிட்டது. பாய் குரலில் அழுகை இருந்தது. அர்பாபின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி இன்னும் ஒரே ஒரு நாள் வாங்கியிருந்தார்.

அடுத்த நாள் நாலு மணிக்கே போய்விட்டேன். பாங்கு சொல்ல ஆரம்பித்தது. உள்ளே ஓடிக்கொண்டிருந்த டி.வி. சட்டென்று நின்றது. பாய் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் திரைக்கு அந்தப் பக்கம் வளையல் சத்தம், பிறகு பாயின் மாமியாருடைய தயக்கமான இருமல்.

"தம்பி…"

"சொல்லுங்கம்மா."

"நீங்க இருக்கீங்க, நான் உள்ள வர முடியல. முந்தாநாளும் அப்படித்தான், விட்டுட்டேன். இன்னைக்கும் மனசு கேக்கல. அந்தக் கண்ணு சிமிட்டுற பொட்டியக் கொஞ்சம் அணைச்சுடுறீங்களா? மகரிபு நேரம். தொழுது முடிச்சதும் போட்டுக்கலாம்."

நான் மோடத்தைப் பார்த்தேன். திரையைப் பார்த்தேன். வாயில் வந்த வார்த்தைகளை முதல் தடவையாக வாழ்க்கையில் விழுங்கினேன்.

"தினமும் அணைச்சுட்டுத்தான் போடுவீங்களாம்மா?"

"ஆமா தம்பி. டி.வி.ய அணைக்கும்போது இதையும் அணைச்சுடுவேன். மாப்ள தொழுதுட்டு வர்றதுக்குள்ள திருப்பிப் போட்டுடுவேன். அவுங்க வேலைக்கு இடைஞ்சல் வரக்கூடாதுல்ல?"

அவர் அணைத்துப் போட்டதும் வீட்டு முகவரி மாறும். மாறிய முகவரியிலிருந்து தட்டினால் நான் போட்ட பூட்டு திறக்காது. பாய் வந்து பார்க்கும்போது விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருக்கும். நான் அறையில் இருந்தால் அவர் உள்ளே வர முடியாது, அதனால் அன்றைக்கு மட்டும் லைன் நிற்கும். வந்து, அணைத்து, மறுபடி போட்டு, மாப்பிள்ளைக்குத் தொந்தரவில்லாமல் எல்லாம் செய்த ஒரு நல்ல மனுஷி. ஊரிலேயே நான் திட்டாமல் விட்ட ஒரே ஆளும் அவர்தான்.

பாய் திரும்பி வந்ததும் சொன்னேன். நெற்றியில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துத் திரைக்கு அருகே போய், அது டி.வி. மாதிரி இல்லை, அணைத்தால் வேலை போய்விடும் என்று மெதுவாக விளக்கினார்.

"யா அல்லாஹ்! என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார் மாமி. நான்தான் பதில் சொல்ல வேண்டியவன். காலையில் புது எண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று பாயிடம் சொன்னதோடு சரி. அணைத்தால் என்ன ஆகும் என்று வீட்டில் இருப்பவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டேன். சத்தம் போடாத பெட்டி என்று அவருக்கும் தெரியுமாம், ஆனால் தொழும்போது ஓரக்கண்ணில் சிமிட்டுகிறதாம். மோடத்தின் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். அதோடு தீர்ந்தது. ஸ்டோர் கீப்பருக்கும் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். "அப்ப நான் சீட்டு ஆடலாமாண்ணே?" என்றார்.

அதன்பிறகு மூன்று வாரம் லிஸ்ட் ஒரு நாள்கூடத் தவறவில்லை. அர்பாப் மாலைப் போனை நிறுத்திவிட்டார். பாய் வேலை முடிந்து மகளோடு விளையாடுவதாகச் சொன்னார். மகள் இப்போது அவர் மடியில் உட்கார்ந்துகொண்டுதான் சாப்பிடுகிறதாம்.

ஒரு காலையில் யு.பி.எஸ். கத்துகிறது என்று கூப்பிட்டார்கள். பதினொரு மணி இருக்கும், மேஜைக்குக் கீழே தலையை விட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே திடீரென்று பரபரப்பு. பாயின் மனைவிக்கு வலி வந்துவிட்டது. பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் போகக் கார் வந்து வாசலில் நின்றது. மாமி போர்வையைச் சுற்றிக்கொண்டு மகளைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனார். பாய் பாதி எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார்.

"அண்ணே, அவசர லோடு. அஞ்சு வண்டி நிக்கிது, அர்பாப் பக்கத்துலயே இருக்காராம். மாமி கூடப் போவட்டும். நான் முடிச்சுட்டுப் பின்னாலயே பைக்ல வந்துடறேன். ஒரு மணி நேரந்தான்."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததென்று தெரியவில்லை. மேஜைக்குக் கீழிருந்து எழுந்த வேகத்தில் தலையில் இடித்துக்கொண்டேன்.

"எந்திரிங்க பாய்!"

அவர் மிரண்டு பார்த்தார்.

"எந்திரிங்கன்னேன். நான் போடறேன் லிஸ்ட். உங்க மச்சான் போன்ல சொல்லட்டும், நான் அடிக்கிறேன். இதுக்காகத்தானேய்யா இந்த ஒரு மாசம் நாய் படாத பாடு பட்டோம்?"

இன்னொன்றும் சொன்னேன். அதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் மகள் பெரம்பலூரில் பிறந்தபோது நான் அரியலூரில் ஒரு ஆபீஸில், பிரிண்டருக்குள் சிக்கிய பேப்பரை உருவிக்கொண்டிருந்தேன். வலி வந்துவிட்டதென்று போன் வந்தது. இதோ முடிந்துவிடும் என்றேன். பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரம். நான் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைக்கு நாலு மணி நேரம் வயசு. என் தம்பி, கொழுந்தியாள், பக்கத்துக் கட்டில்காரம்மா எல்லோரும் எனக்கு முன்னால் பார்த்துவிட்டார்கள். என் மனைவி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் இந்நேரம் மறந்திருப்பேன்.

பாய் எழுந்து ஓடினார். செருப்புக்கூடப் போடவில்லை. கார் கிளம்பிய சத்தம் கேட்டது.

நான் அவர் நாற்காலியில் உட்கார்ந்து துபாய் ஆபீஸில் வேலை செய்தேன். டெலிபோனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டேன். ஸ்டோர் கீப்பர் ஒவ்வொரு வண்டியாகச் சொன்னார், நான் அடித்தேன். குளியலறை டைல்ஸைத் தரை டைல்ஸுக்கு அடியில் ஏற்றிவிட்டேன் போலிருக்கிறது. "அண்ணே, பாரத்த மேல வச்சா எல்லாம் நொறுங்கிடும்" என்று அவர் பதறினார். மாற்றினேன். இரண்டாவது வண்டி, மூன்றாவது வண்டி. கை வேலை செய்ததே தவிர மனசு ஆஸ்பத்திரியிலேயே நின்றது. பொறாமையாக இருந்தது என்று சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. அதைவிட, அவர் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டுமே என்றுதான் இருந்தது. நாலாவது வண்டி முடியும்போது மணி இரண்டு, ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடுவார்களே என்று ஸ்டோர் கீப்பரிடம் சொல்லிப் போனை வைத்தேன்.

வைத்த கை எடுப்பதற்குள் மணி அடித்தது. மூச்சு வாங்கும் சத்தம்தான் முதலில் கேட்டது.

"அண்ணே…"

"சொல்லுங்க பாய்."

"மொத ஆளா என் கையிலதாண்ணே குடுத்தாங்க. பாத்துட்டேன்."

"அவுங்க நல்லா இருக்காங்களா?"

"நல்லா இருக்கா, அல்ஹம்துலில்லாஹ். கண்ணத் தொறந்து என்னைய பாத்துச்சுண்ணே. அப்படியே பாத்துச்சு."

"என்ன பாய், ஆம்பளப் புள்ளையா, பொம்பளப் புள்ளையா?"



"அதப் பாக்கலையேண்ணே. மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்துட்டேன். இருங்க, உள்ள கேட்டுட்டு வந்து சொல்றேன்."

போனைக் கீழே வைத்துவிட்டு அவர் ஓடுவது கேட்டது. திரையில் ஐந்தாவது வண்டி பாக்கி இருந்தது. நான் லைனிலேயே காத்திருந்தேன்.